ஆபரேஷன் முடிஞ்சும் மூச்சு திரும்பத் தாமதம் ஏன்? 5 நிமிட மருந்தைத் தந்த டேனியல் போவேயின் கதை

ஆபரேஷன் முடிஞ்சாச்சு. கடைசித் தையலும் போட்டாச்சு. மயக்க வாயுவை நிறுத்தியாச்சு. இனி நோயாளி தானாக மூச்சு விடணும், கண்ணைத் திறக்கணும், கையை அழுத்துங்கள் என்று சொன்னால் அழுத்தணும். ஆனா எதுவும் நடக்கவில்லை. பத்து நிமிஷம் ஆகிறது, அரை மணி நேரம் ஆகிறது. இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது, ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது. விரல் நுனிகூட அசையவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு வயிற்றைப் பிசைகிறது.

இந்த மாதிரி நேரங்களில் பலரும் மயக்க மருந்து அதிகமாகிவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள். பல சமயம் காரணம் அது இல்லை. மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் இன்னொரு மருந்து, அதாவது தசை தளர்த்தி, உடலை விட்டு இன்னும் வெளியேறாமல் இருக்கலாம்.

இந்தத் தசை தளர்த்திகளை ஆய்வகத்திலேயே உருவாக்கலாம் என்று காட்டி, அதற்காகவும் சேர்த்து 1957-ல் மருத்துவ நோபல் பரிசு வாங்கியவர் டேனியல் போவே. ஐந்தே நிமிடத்தில் கலைந்துபோகும் தசை தளர்த்தியை மருத்துவ உலகுக்கு அடையாளம் காட்டியதும் அவர்தான். அந்த 5 நிமிட மருந்து சிலருக்கு மட்டும் மணிக்கணக்கில் நீடித்தது. ஏன் என்று தேடியவர்கள் போய் நின்ற இடம், நோயாளியின் மரபணு.

யார் இந்த டேனியல் போவே?

சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில் 1907 மார்ச் 23-ம் தேதி பிறந்தார். அப்பா பியர் போவே கல்வியியல் பேராசிரியர். குழந்தைகள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை ஆராய ஜெனீவாவில் தொடங்கப்பட்ட ரூசோ நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். வீட்டில் எஸ்பெராண்டோ என்ற பொது மொழியும் புழங்கியது. போவே குழந்தையிலேயே அதைப் பேசி வளர்ந்தார்.

ஜெனீவா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து 1929-ல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு, 22 வயதில், பாரிஸில் உள்ள பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே எர்னெஸ்ட் ஃபூர்னோ என்ற வேதியியலாளர் தலைமையில் மருந்துகளுக்கென்று ஒரு ஆய்வகம் இயங்கிவந்தது. அடுத்த 18 வருஷம் போவேக்கு அதுதான் உலகம்.

சிவப்புச் சாயத்தில் ஒளிந்திருந்த மருந்து

1935-ல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் டோமாக், ப்ரோன்டோசில் என்ற சிவப்புச் சாயம் பாக்டீரியா தொற்றைக் குணப்படுத்துகிறது என்று அறிவித்தார். பெரிய பரபரப்பு. ஆனா அதில் ஒரு புதிர் இருந்தது. விலங்கின் உடலுக்குள் போனால் வேலை செய்யும் அந்தச் சாயம், கண்ணாடிக் குழாயில் பாக்டீரியா மேல் ஊற்றினால் எதுவும் செய்யவில்லை.

பாஸ்டர் நிறுவனத்தில் போவேயும் ட்ரெஃபூயேல் தம்பதியும் ஃபெடரிகோ நித்தியும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கிடைத்த விடை எளிமையானது. சாயம் உடலுக்குள் போய் இரண்டாக உடைகிறது. உடைந்த ஒரு துண்டு, நிறமே இல்லாத சல்ஃபானிலமைட். அதுதான் நிஜமான மருந்து. சாயம் சும்மா பொட்டலம்தான்! அந்தத் துண்டு 1908-லிருந்தே வேதியியலாளர்களுக்குத் தெரிந்த பொருள் என்பதால், யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்ற நிலை வந்தது. சல்ஃபா மருந்துகள் உலகம் முழுக்கப் பரவின.

ஒரு மருந்து உடலுக்குள் போன பிறகு எப்படி உடைகிறது என்ற கேள்வி இப்படித்தான் போவேயின் வாழ்க்கையில் நுழைந்தது. பின்னால் வேறு உருவத்தில் அது திரும்பி வந்தது.

1937-ல் ஆன்-மேரி ஸ்டாப் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, அலர்ஜிக்குக் காரணமான ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் மருந்தைக் கண்டுபிடித்தார். அது மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நச்சு. ஆனா வழி திறந்துவிட்டது. 1944-ல் அதே குழுவிடமிருந்து மெபிரமின் வந்தது. இன்றைக்கு மூக்கொழுகலுக்கும் அரிப்புக்கும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரைகளெல்லாம் அந்தக் குடும்பத்தின் வாரிசுகள்தான்.

இதற்கிடையே 1938-ல் ஃபிலோமினா நித்தியைத் திருமணம் செய்துகொண்டார். உடன் வேலை பார்த்த ஃபெடரிகோவின் சகோதரி. இத்தாலியின் பிரதமராக இருந்து, முசோலினி ஆட்சியால் நாட்டை விட்டு வெளியேறி பாரிஸில் வாழ்ந்த ஃபிரான்செஸ்கோ நித்தியின் மகள். ஃபிலோமினாவும் மருந்தியல் ஆய்வாளர். கணவனும் மனைவியும் ஒரே ஆய்வகத்தில் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார்கள், கட்டுரைகளையும் சேர்ந்தே வெளியிட்டார்கள். ஆனா 1957-ல் நோபல் பரிசுச் சான்றிதழில் இருந்தது ஒரே ஒரு பெயர், டேனியல் போவே. அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்று சொல்லி இதைக் கடந்துபோவது அவ்வளவு சுலபம் இல்லை.

அம்பு விஷம் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்த கதை

தென் அமெரிக்கக் காடுகளின் பழங்குடி மக்கள் சில கொடிகளின் பட்டையைக் காய்ச்சி, க்யூராரே என்ற கரிய பிசின் மாதிரி ஒரு விஷம் எடுப்பார்கள். அதை அம்பு முனையில் தடவி எய்தால், அடிபட்ட விலங்கு தசைகள் செயலிழந்து கீழே விழும். மூச்சுத் தசையும் நின்றுபோவதால் செத்துவிடும். அந்த இறைச்சியைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. வயிற்று வழியாக இந்த விஷம் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு.

19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியலாளர் க்ளோட் பெர்னார்ட் தவளைகளை வைத்து ஒன்றைக் காட்டியிருந்தார். க்யூராரே தசையைக் கெடுப்பதில்லை, நரம்பையும் கெடுப்பதில்லை. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் செய்தி போகாமல் தடுக்கிறது.

1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியலில் ஹரோல்ட் க்ரிஃபித்தும் எனிட் ஜான்சனும், குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த ஓர் இளைஞருக்கு மயக்க வாயுவோடு சேர்த்துச் சுத்திகரித்த க்யூராரேவைச் செலுத்தினார்கள். வயிற்றுத் தசை பஞ்சு மாதிரி தளர்ந்தது. அதுவரை தசையைத் தளரவைக்க ஒரே வழி, நோயாளியை ஆபத்தான அளவுக்கு ஆழமாக மயக்குவது. இனி குறைவான மயக்கமே போதும்.

இதில் ஒரு விஷயத்தைத் தனியாகக் கவனிக்கணும். தசை தளர்த்தி மயக்க மருந்து கிடையாது. வலியையும் போக்காது, நினைவையும் எடுக்காது. இதை நிரூபிக்க ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் தன் உடம்பிலேயே சோதனை செய்துகொண்டார். மயக்கமே இல்லாமல் க்யூராரேவை மட்டும் செலுத்தச் சொல்லி, செயற்கைச் சுவாசத்தில் படுத்திருந்தார். கண் இமையைக்கூட அசைக்க முடியவில்லை. ஆனா நடந்தது, பேசியது எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. 1947-ல் அந்த ஆய்வு வெளியானது. ஆபரேஷன் முடிந்தும் தசை திரும்பாத நோயாளியைப் பற்றி டாக்டர்கள் ஏன் பதறுகிறார்கள் என்பது இதிலிருந்து புரியும். மயக்கம் முதலில் தெளிந்து தசை பின்னால் தெளிந்தால், அந்த மனிதர் முழு நினைவோடு தன் உடலுக்குள்ளேயே பூட்டிக் கிடப்பார்.

காட்டை நம்பாத மருந்து

க்யூராரேயில் சிக்கல்கள் இருந்தன. காட்டிலிருந்து வரணும். ஒரு தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் வீரியம் மாறும். போவே வழக்கம்போல, இயற்கைப் பொருளின் சிக்கலான அமைப்பில் வேலை செய்யும் பகுதி எது என்று தேடினார். க்யூராரேயின் சாரமான ட்யூபோகுராரினை லண்டனில் ஹரோல்ட் கிங் 1935-ல் பிரித்தெடுத்து, அதன் அமைப்பையும் வரைந்திருந்தார். அதில் நேர்மின் சுமை கொண்ட நைட்ரஜன் அணுக்கள் இரண்டு இருந்தன. அந்தப் பாகத்தை வைத்துக்கொண்டு, மற்றதை எளிமையாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப் பொருட்களைச் சோதித்தார்கள். 1947-ல் கேலமின் கிடைத்தது. முழுக்க ஆய்வகத்தில் தயாரித்து மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்ட முதல் தசை தளர்த்தி அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், கிங் வரைந்த படத்தில் ஒரு தவறு இருந்தது. அந்த இரண்டு நைட்ரஜன்களில் ஒன்றுதான் அப்படி நிரந்தரச் சுமை கொண்டது என்று 1970-ல் தெரியவந்தது. தப்பான வரைபடத்தை வைத்துக்கொண்டு சரியான ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார் போவே.

1947-லேயே அவர் குடும்பத்தோடு ரோம் நகருக்கு மாறினார். அங்குள்ள தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் டொமெனிகோ மரோட்டா அழைத்திருந்தார். பின்னர் இத்தாலியக் குடியுரிமையும் பெற்றார். 1949-ல் அங்கிருந்துதான் அடுத்த மருந்து வந்தது, சக்சினைல்கோலின். இன்னொரு பெயர் சக்சமெத்தோனியம். நம்ம ஊர் மயக்கவியல் மருத்துவர்கள் இன்றும் பழைய வணிகப் பெயரில் ஸ்கோலின் என்றே சொல்வார்கள்.

இந்தப் பொருள் அப்போது புதிதே இல்லை. 1906-லேயே அமெரிக்காவில் ரீட் ஹன்ட்டும் ரெனே டாவோவும் இதை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் தேடியது ரத்த அழுத்தத்தில் என்ன மாற்றம் வருகிறது என்பதை. அதற்காக விலங்குகளுக்கு முன்கூட்டியே க்யூராரே கொடுத்து அசையாமல் படுக்க வைத்திருந்தார்கள். ஏற்கனவே செயலிழந்த தசை மறுபடி செயலிழப்பது கண்ணில் படுமா? 43 வருஷம் அது யாருக்கும் தெரியாமலேயே கிடந்தது.

ஐந்து நிமிடத்தில் எப்படிக் கலைகிறது?

நரம்பு தசைக்கு உத்தரவு போட அசெட்டைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது தசையின் மேலுள்ள வாங்கியில் சாவி மாதிரி பொருந்தியதும் தசை சுருங்குகிறது. உடனே ஒரு நொதி வந்து சாவியை உடைத்துவிடும். தசை அடுத்த உத்தரவுக்குத் தயார்.

சக்சமெத்தோனியம் என்பது இரண்டு அசெட்டைல்கோலினை ஒன்றோடொன்று ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். அதே பூட்டில் பொருந்தும். ஆனா அங்குள்ள நொதியால் இதை உடைக்க முடியாது. பூட்டுக்குள் சிக்கிய சாவி மாதிரி நிற்கும். முதலில் உடம்பெங்கும் தசைகள் லேசாகத் துடிக்கும், அப்புறம் முழுத் தளர்ச்சி. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதை உடைக்கும் நொதி ரத்தத்தில் இருக்கிறது. பியூட்டிரைல்கோலினெஸ்டெரேஸ் என்று பெயர். கல்லீரலில் உற்பத்தியாகிறது. ஊசியில் போன மருந்தில் பெரும்பகுதியை, தசையைத் தொடும் முன்பே இது வழியிலேயே காலி பண்ணிவிடும். மிச்சமும் சீக்கிரம் கரைய, சுமார் ஐந்து நிமிடத்தில் மூச்சு திரும்பத் தொடங்கும்.

சல்ஃபா விஷயத்தில் உடைவதால்தான் மருந்து வேலை செய்தது. இங்கே உடைவதால்தான் மருந்து நிற்கிறது.

1951-லிருந்து ஐரோப்பிய மருத்துவமனைகள் இதை வேகமாக ஏற்றுக்கொண்டன. விபத்தில் வயிறு நிறையச் சாப்பாட்டோடு வந்தவர், அவசர சிசேரியன், குரல்வளை இறுகி மூச்சு அடைத்தவர் என்று, தொண்டையில் உடனே குழாய் இறக்கவேண்டிய இடங்களில் இதன் வேகத்துக்கு ஈடில்லை.

அந்தச் சிலருக்கு மட்டும் என்ன ஆச்சு?

மருந்து புழக்கத்துக்கு வந்த ஓரிரு வருஷத்திலேயே விசித்திரமான தகவல்கள் வந்தன. அதே அளவு மருந்துதான். ஆனா ஒரு சிலருக்கு மூச்சு திரும்ப ஒரு மணி, மூணு மணி, சிலருக்கு அதற்கும் மேல். பிரிட்டனில் 1952-ல் இதை ஆராய்ந்தவர்கள், அந்த நோயாளிகளின் ரத்தத்தில் நொதியின் செயல்பாடு மிகக் குறைவாக இருப்பதைப் பார்த்தார்கள். கல்லீரல் நோய், கடும் ஊட்டச்சத்துக் குறைவு என்று சிலருக்குக் காரணம் தெரிந்தது. மற்றவர்கள் கல்லுமாதிரி ஆரோக்கியமானவர்கள். 1956-ல் இது குடும்பங்களில் வழிவழியாக வருகிறது என்பதும் தெரிந்தது.

கனடாவின் டொரன்டோவில் வெர்னர் காலோ இன்னும் ஒரு படி மேலே போனார். நொதி குறைவு என்பதல்ல விஷயம், சிலருக்கு நொதியின் அமைப்பே வேறு என்று காட்டினார். டிபுகெய்ன் என்ற மரத்துப்போகும் மருந்தை ரத்த மாதிரியில் சேர்த்தால், சாதாரண நொதியின் செயல்பாடு சுமார் 80 சதவீதம் தடைபடும். மாறிய நொதி சுமார் 20 சதவீதம்தான் தடைபடும். இதற்கு டிபுகெய்ன் எண் என்று பெயர். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவை வாங்கியவர்களுக்குத்தான் மணிக்கணக்கில் தாமதம் ஆகிறது. ஐரோப்பிய வம்சாவளி மக்களில் சுமார் 2,000 முதல் 3,000 பேருக்கு ஒருவர் இப்படி இருக்கலாம்.

காலோவின் இந்தப் பரிசோதனை முறை வெளியான ஆண்டு 1957. ஸ்டாக்ஹோமில் போவே நோபல் பரிசு வாங்கியதும் அதே ஆண்டுதான். எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நம்பி உருவாக்கிய மருந்து, ஆளுக்கு ஆள் மரபணு பார்த்து வேலை செய்கிறது என்பதற்கு முதல் தெளிவான உதாரணங்களில் ஒன்றாகிவிட்டது. மரபணுவுக்கு ஏற்ப மருந்து என்று இன்று பெரிதாகப் பேசப்படும் துறை வேர்விட்டதில் இதற்கும் பங்குண்டு.

தமிழ்நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. ஆந்திரம், தமிழகம் உள்ளிட்ட மாநிலங்களில் வாழும் ஆரிய வைசிய சமூகத்தினரிடம் இந்த நொதிக் குறைபாடு வழக்கத்தைவிட அதிகம் என்பது தென்னிந்திய மயக்கவியல் மருத்துவர்களுக்கு நீண்ட காலமாகத் தெரியும். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே திருமணம் நடக்கும் எந்தச் சமூகத்திலும் இப்படி ஒரு மரபணு மாற்றம் தேங்கலாம். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஆய்வு ஒன்று, இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006-ல் அடையாளம் காட்டியது. இது நோய் இல்லை. குறிப்பிட்ட இந்த வகை மருந்து உடம்பில் ஏறாத வரை, வாழ்நாள் முழுக்கத் தெரியாமலேகூடப் போகலாம்.

மரபணு சரியாக இருந்தும் தாமதம் வரலாம். நம்ம ஊரில் அதிகம் பார்க்கும் ஒன்று, பூச்சிமருந்து விஷம். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து இந்த நொதியையே முடக்கிவிடும். அந்த நோயாளிக்குத் தொண்டைக் குழாய் இறக்க ஸ்கோலின் கொடுத்தால், ஐந்து நிமிடம் என்ற கணக்கு தப்பிவிடும்.

கேலமின் கதை வேறு. அதை ரத்தம் உடைப்பதில்லை. கிட்டத்தட்ட முழுக்க சிறுநீரகம்தான் வெளியேற்றணும். சிறுநீரகம் பழுதானவருக்குக் கொடுத்தால் மருந்து போக வழியே இல்லை. இன்று கேலமின் வழக்கில் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு அடுத்து வந்த மருந்துகளிலும், உடம்பு குளிர்ந்துபோவது, சில ஆன்டிபயாடிக் ஊசிகள், கர்ப்பிணிகளின் வலிப்பைத் தடுக்கப் போடும் மெக்னீசியம் எல்லாம் தளர்ச்சியை நீட்டிக்கலாம்.

ஆரம்ப காலத்தில் இந்தத் தாமதத்தை அளக்கக்கூட வழியில்லை. அமெரிக்காவில் 10 மருத்துவமனைகளில் சுமார் 6 லட்சம் மயக்கங்களை ஆராய்ந்து 1954-ல் பீச்சர், டாட் இருவரும் வெளியிட்ட அறிக்கை மருத்துவ உலகை உலுக்கியது. தசை தளர்த்தி கொடுக்காதவர்களில் 2,100 பேருக்கு ஒருவர் மயக்கத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறந்திருந்தார். கொடுத்தவர்களில் 370 பேருக்கு ஒருவர். அந்த முடிவை விமர்சித்தவர்களும் உண்டு. ஆனா அதற்குப் பிறகு, மூச்சு தானாகத் திரும்பிவிடும் என்று சும்மா இருப்பது குறைந்தது. 1970-களில் மணிக்கட்டு நரம்பில் அடுத்தடுத்து நான்கு சிறு மின்துடிப்புகள் கொடுத்து, கட்டைவிரல் அசைவை ஒப்பிடும் முறை வந்தது. நான்காவது அசைவு முதல் அசைவில் 90 சதவீதமாவது இருந்தால்தான் குழாயை எடுக்கலாம் என்பது இன்றைய கணக்கு.

கடைசி ஆண்டுகள்

நோபலுக்குப் பிறகு போவே தசையை விட்டு மூளைக்குப் போனார். 1964-ல் சார்டீனியத் தீவின் சசாரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பிறகு ரோமுக்குத் திரும்பி, 1971 முதல் 1982 வரை அங்குள்ள பல்கலைக்கழகத்தில் உயிரியல் சார்ந்த உளவியல் கற்பித்தார். எலிகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன, நிகோட்டின் அதை எப்படி மாற்றுகிறது என்றெல்லாம் ஃபிலோமினாவோடு சேர்ந்து ஆராய்ந்தார். குழந்தைகள் கற்பதை ஆராய்ந்த அப்பாவின் மகன், சுற்றிச் சுற்றி அதே கேள்விக்கு வந்து சேர்ந்திருந்தார். 1992 ஏப்ரல் 8-ம் தேதி ரோமில் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஃபிலோமினாவும் மறைந்தார்.

சக்சமெத்தோனியம் இன்னும் உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, ஆபரேஷன் தியேட்டர் ஃப்ரிட்ஜிலும் இருக்கிறது. ரோக்யுரோனியம் போன்ற வேறு வகைத் தளர்த்திகளை நிமிடங்களில் முறிக்க சுகமாடெக்ஸ் என்ற ஊசி 2008-லிருந்து ஐரோப்பாவில் கிடைக்கிறது. ஆனா அது சக்சமெத்தோனியத்தைத் தொடாது. அதனால் ஸ்கோலின் தாமதத்துக்குச் சிகிச்சை 1950-களில் இருந்த அதேதான். வென்டிலேட்டரில் வைத்து, நோயாளி விழித்துப் பயந்துவிடாதபடி தூக்க மருந்தைத் தொடர்ந்து கொடுத்துக் காத்திருக்கணும். சில மணி நேரத்தில் மருந்து மெல்லக் கரைந்து, மூச்சு தானாகத் திரும்பும். இதை முன்கூட்டியே எதிர்பார்த்துக் கவனித்தால் பெரும்பாலும் எந்தக் கெடுதலும் வராது.

வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து நினைவு திரும்ப ரொம்ப நேரம் ஆனது, வென்டிலேட்டரில் வைத்தார்கள் என்ற கதை இருந்தால், அது தாத்தா காலத்துச் சமாச்சாரமாக இருந்தாலும், அடுத்த ஆபரேஷனுக்கு முன் மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிடணும். குறைபாடு உறுதியானவருக்கு எந்த மருந்து ஆகாது என்று எழுதிக் கடிதம் கொடுப்பார்கள். அதை ஆதார் அட்டை மாதிரி பத்திரமாக வைத்துக்கொள்ளணும். கூடப் பிறந்தவர்களுக்கும் அதே அமைப்பு இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் அவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள்.